ஏழாம் லயத்துச் சுவர்

அம்பாங் பெச்சா,
கோல குபு பாரு அஞ்சல்.
8-7-1956

சன்னாசி அவர்களுக்கு,

ஹெய்டன் ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக இருந்த அந்தோணிதாஸ் எழுதுகிறேன். உங்கள் விலாசத்தை மண்டோர் கார்த்திகேசு கொடுத்தார். போன வாரம் கோல குபு சந்தையில் அவரைப் பார்த்தேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் போயிற்று. தோட்டத்தில் உங்களை "டேய் சன்னாசி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். காகிதத்தில் அப்படி எழுதக் கை வரவில்லை.

நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. மகள் மாடில்டா, மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர், எல்லோரும் இங்கே ஒரு சிறிய வீட்டில் இருக்கிறோம். வீட்டின் பின்புறம் மேடு. வீடு கட்டியவர் மேட்டைச் செங்குத்தாக வெட்டி அப்படியே விட்டுப் போய்விட்டார். நான் அளந்து பார்த்தேன். உயரம் ஏழடி. நீளம் முப்பத்திரண்டடி. மேட்டின் அடியிலிருந்து எங்கள் சமையலறைச் சுவர் ஐந்தடி இரண்டு அங்குலம். ஏப்ரல் மழையில் மூன்று முறை மண் சரிந்தது. மூன்றாம் முறை சரிந்தது அடுப்படி ஜன்னல் வரை வந்தது.

ஒரு சுவர் எழுப்ப வேண்டும். சிமெண்டுக் கல் போதுமா, கான்கிரீட் ஊற்ற வேண்டுமா, கடைக்கால் எத்தனை அடி தோண்டுவது என்று எனக்குத் தெரியாது. "அப்பா, ஊரு பேரே உடைஞ்ச அணை. இங்க வந்து சுவர் கட்டப் போறீங்களா லா?" என்று மாடில்டா கேலி செய்கிறாள். அப்புறம் அவளே, "தெரிஞ்ச கொத்தனார் யாரையாச்சும் கேளுங்களேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்த கொத்தனார் நீங்கள் ஒருவர்தான். நடந்தவை நடந்துவிட்டன. உங்களுக்கு விருப்பமிருந்தால் மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கி. அந்தோணிதாஸ்


சுங்கை பஞ்சாங்
22-7-56

கிராணி ஐயாவுக்கு சன்னாசியின் வணக்கம்.

நீள உறையைப் பார்த்ததும் புஷ்பவள்ளி பயந்துவிட்டாள். "மறுபடி கூப்பிடுறானுங்களா?" என்று கேட்டாள். என்னை அடைத்து வைத்திருந்தவர்கள் அப்படிப்பட்ட உறையில்தான் எழுதுவார்கள். பிரித்துப் பார்த்தால் நீங்கள். உள்ளே என்னை "நீங்கள்" என்று எழுதியிருந்தது. அப்புறம் நான் பயந்தேன். தோட்டத்தில் கிராணி நம்மை நீங்கள் என்றால் பின்னாலே ஏதோ வருகிறது என்று அர்த்தம். கோபிக்க வேண்டாம் ஐயா, சிரிக்கத்தான் எழுதினேன்.

வேலைக்குக் குறைச்சல் இல்லை. வீடு கட்டுகிறேன், கிணற்றுக்கு உறை இறக்குகிறேன், வாய்க்காலுக்குக் கரை பூசுகிறேன். மண்ணைத் தாங்குகிற சுவர் மட்டும் எடுப்பதில்லை. இந்த ஊருக்கு வந்ததே அதற்காகத்தான். இங்கே எல்லாம் வயல். எந்தப் பக்கம் பார்த்தாலும் சமதரை. மேடே இல்லாத ஊரில் யார் நம்மிடம் அப்படிப்பட்ட சுவர் கேட்பார்கள்?

எனக்குத் தெரிந்ததைக் கேட்டால் சொல்லலாம். ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் ஏழாம் லயத்துச் சுவரையும் வைத்தேன். கம்யூனிஸ்டுச் சண்டை நடந்த காலம், நாலு மாதத்தில் எல்லா லயத்து வீடுகளையும் ஒரே கம்பி வேலிக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். மலையை வெட்டி அடியில் லயம் போட்டார்கள். அவசரம் என்று நான் குறைத்து ஒன்றும் செய்யவில்லை. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். கடைக்கால் இரண்டரை அடி. சுவர் மேட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. பின்னால் ஒரு முழம் அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டினேன். தண்ணீர் வடிய ஐந்தடிக்கு ஒரு கண் வைத்தேன். மொத்தம் இருபத்திரண்டு கண். எல்லாம் செய்தும் விழுந்தது. கீழே லயத்தில் இருந்த தாயம்மா போய்விட்டாள். அதனால் என் பேச்சைக் கேட்காதீர்கள் ஐயா.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாலு வருஷமாக இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நான் சுவர் விழுந்ததைப் பார்க்கவில்லை. ஆற்றோரப் பாலத்து வேலையில் இருந்தேன். என்னைத் தேடி வந்த போலீஸ்காரர்கள் அங்கிருந்தே லோரியில் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் பார்த்தீர்கள். அது எப்படிக் கிடந்தது? அடியோடு சறுக்கி வந்ததா, நடுவில் வயிறு தள்ளி உடைந்ததா? கலவை கையில் உதிர்ந்ததா? நான் தப்பு செய்த இடம் எது என்று தெரிந்தால் போதும். பதினாலு மாசம் உள்ளே உட்கார்ந்து அந்தச் சுவரைக் கல் கல்லாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். அகப்படவில்லை.

சன்னாசி


அம்பாங் பெச்சா
9-8-1956

அன்புள்ள சன்னாசி,

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. சில விஷயங்கள் சரியாக நினைவில் இல்லை என்று முதல் காகிதத்தில் எழுதியிருந்தேன். அது பொய். ஆகவே கிழித்தேன்.

சுவர் நடுவில் வயிறு தள்ளி உடைந்தது. இரண்டு முனையும் நின்றன. நடுப்பகுதி நாற்பதடி அளவுக்கு லயத்தின் மேல் சாய்ந்தது. தாயம்மா காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

கலவை உதிரவில்லை. பெரிய பெரிய துண்டாக, கல்லோடு கல் ஒட்டியபடியே கிடந்தது. அப்புறப்படுத்த வந்தவர்கள் சம்மட்டியால் அடித்தும் பிரிக்க முடியவில்லை. இதை அன்றே எல்லோர் எதிரிலும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற காலம் இது. இதற்கு மேல் எழுதத் தயங்குகிறேன். ஒருவேளை இந்தத் தயக்கத்துக்கும் நான் காரணம் தேடிக்கொள்கிறேனோ என்னவோ.

உங்கள் கைமேல் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

அந்தோணிதாஸ்


சுங்கை பஞ்சாங்
20-8-56

கிராணி ஐயாவுக்கு,

உங்கள் கடுதாசியை ஆறு தடவை படித்தேன். புஷ்பவள்ளிக்கும் படித்துக் காட்டினேன். கலவை உதிரவில்லை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "என்னாங்க, சோறு ஆறுது," என்றாள். நான் மறுபடி அந்த வரியையே படித்தேன்.

ஐயா, இப்போது விளங்கிவிட்டது. கலவை நல்லது, கடைக்கால் நகரவில்லை. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான். நான் வைத்த கண். மழைத் தண்ணீர் கண் வழியாக ஓடும்போது பின்னாலிருந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. உள்ளே குகை மாதிரி ஆகியிருக்கும். மேலே இருந்த மேடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிச் சுவரை முட்டித் தள்ளியிருக்கும். நான் காவலில் இருந்தபோது ஈப்போக் கிழவர் ஒருவர் இதைத்தான் சொன்னார். "சுவருக்கு ஓட்டை போட்டா மண்ணு கசியாதாடா?" என்றார். அன்று நான் அவரோடு சண்டை போட்டேன். அவர் சொன்னது சரிதான்.

நாலு வருஷத்துக்கு அப்புறம் நேற்று மண்ணைத் தாங்குகிற ஒரு சுவருக்குக் கை நீட்டினேன். உங்கள் கடுதாசி தந்த தைரியம். கோல சிலாங்கூர் மலையடிவாரத்தில் ஒரு சீனத் தவுக்கே வாடகைக்கு ஆறு வீடு கட்டுகிறார். பின்னால் பத்தடி மேடு. நான் அப்படிப்பட்ட வேலை செய்ய மாட்டேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று, செய்கிறேன் என்றேன். இரட்டைக் கல் அகலம், ஒரு கண் கூடக் கிடையாது, பூனைமுடி நுழைய வழியில்லாமல் அடைத்துக் கட்டப் போகிறேன். தீபாவளிக்குள் குடி வருகிறார்கள். ஆறு குடும்பம். எல்லாம் பிள்ளை குட்டிக்காரர்கள்.

உங்கள் சுவருக்கும் அப்படியே செய்யுங்கள். கண் வைக்காதீர்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சன்னாசி


அம்பாங் பெச்சா
29-8-1956

அன்புள்ள சன்னாசி,

அவசரமாக எழுதுகிறேன். தயவுசெய்து கண் வைக்காமல் கட்டாதீர்கள்.

நான் பொதுப்பணி இலாகாவின் கட்டிடப் புத்தகம் ஒன்றை வரவழைத்துப் படித்தேன். மண்ணைத் தாங்கும் எந்தச் சுவருக்கும் நீர் வடிய வழி வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மண் கசியாமல் இருக்கத்தான் பின்னால் சரளைக்கல். நீங்கள் ஹெய்டனில் செய்தது அப்படியே அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, படத்தோடு.

புத்தகத்தை வேண்டுமானால் அனுப்புகிறேன்.

அந்தோணிதாஸ்


கோல சிலாங்கூர்
10-9-56

கிராணி ஐயாவுக்கு,

உங்கள் கடுதாசியைப் புஷ்பவள்ளி இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். வேலை நடக்கிற இடத்தில் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறேன்.

புத்தகம் அனுப்ப வேண்டாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தாலும், புத்தகம் எழுதிய தொரை கட்டிய சுவர் யார் மேலாவது விழுந்ததா? என் சுவர் விழுந்தது. அவர் படம் போட்டார். நான் தாயம்மாவைப் போட்டேன்.

நீங்கள் சொல்கிற மாதிரியே ஹெய்டனில் செய்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது ஏன் விழுந்தது? அதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சுவர் ஆறடி ஏறிவிட்டது. இன்னும் நாலடி. நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி நிற்கிறது. முன்வீடு ஒன்றில் ஒரு மலாய்க்காரம்மா அதற்குள் சாமான் கொண்டுவந்துவிட்டார். சுவரடியில் கோழிக்கூண்டு வைத்திருக்கிறார்.

சன்னாசி


அம்பாங் பெச்சா
14-9-1956

சன்னாசி,

நேற்றே உங்களுக்குத் தந்தி அடித்தேன். "சுவர் வேலையை நிறுத்தவும், கடிதம் வருகிறது" என்று. அது சுங்கை பஞ்சாங்குக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வர எத்தனை நாள் ஆகுமோ.

அது ஏன் விழுந்தது என்று கேட்டிருந்தீர்கள். பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னிடம் இருக்கிறது.

இருபத்திரண்டு கண்ணையும் நான் அடைத்தேன்.

1952 ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் அப்போது பாலத்து வேலைக்குப் போய்விட்டீர்கள். லயங்களைப் பார்வையிடுவது என் பொறுப்பு. காலையில் பூசை முடிந்து வந்து, ஏழாம் லயத்துக்குப் பின்னால் நடந்தேன். மூன்றாவது கண்ணில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. குச்சியால் இழுத்தேன். கிழிந்த வேட்டித் துணியில் தைத்த நீளப் பை. உள்ளே அரிசி, ஒரு படி இருக்கும். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனால் சிறை என்றிருந்த காலம் அது. யாரோ பிள்ளைகளுக்காக மிச்சம் பிடித்து வைத்திருக்கலாம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுக்க வைத்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

போலீசிடம் சொன்னால் லயம் முழுவதையும் பிடித்துப் போவார்கள். சொல்லாமல் விட்டு, நாளை அவர்களே கண்டுபிடித்தால் கிராணியைக் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அரிசியை என் வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் நாள் அது. லயத்தில் ஆள் இல்லை. அடியிலிருந்து முட்டிபோட்டபடி ஒவ்வொரு கண்ணாகக் கலவை வைத்து அடைத்தேன். கரணை பிடித்துப் பழக்கமில்லாத கை. மேலே சேற்றைப் பூசி மறைத்தேன். இருபத்திரண்டு என்று இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன். யாரையும் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று மாலை எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் கண்கள் எதற்கு என்று எனக்குத் தெரியும் சன்னாசி. சுவர் எடுக்கும்போது நீங்களே எனக்குச் சொன்னீர்கள். "தண்ணிய உள்ள வச்சா சுவரு தாங்காது கிராணியாரே, மண்ண விடத் தண்ணிதான் கனம்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். பயம் வந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அக்டோபர் மழையில் சுவர் வியர்த்தது. நவம்பரில் நடுவில் லேசாகப் புடைத்தது. நான் பார்த்தேன். பார்த்ததோடு விடவில்லை, நூல் கட்டி அளந்தேன். 10ஆம் தேதி ஒரு அங்குலம். 18ஆம் தேதி ஒன்றரை. 25ஆம் தேதி இரண்டே கால். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்துவிட்டால் போதும். திறக்க ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், யார் அடைத்தது, ஏன் அடைத்தது என்று கேட்பார்கள். நாளைக்கு மழை விடும், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தேன். 27ஆம் தேதி வியாழக்கிழமை விடியற்காலை விழுந்தது.

பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். தொரையும் போலீஸ் அதிகாரியும் வந்தார்கள். இது யார் வைத்த சுவர் என்று தொரை என்னைக் கேட்டார். நான் முணுமுணுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொல் என்றார். "சன்னாசி வச்ச சுவர். சிமெண்ட கொறச்சு மணல அதிகமாப் போட்டுட்டான்" என்று உரக்கச் சொன்னேன். குறைத்த சிமெண்டு எங்கே போயிற்று என்று போலீஸ் அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். காட்டுக்குப் போயிருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. உங்கள் பதினாலு மாதம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்கள் ஆகஸ்டு மாதக் கடிதம் வந்த பிறகுதான் முழுதும் தெரிந்தது. உங்கள் கையிலிருந்த வித்தையையே நான் பிடுங்கிவிட்டேன். சரியாகச் செய்ததைத் தப்பு என்று நம்பவைத்துவிட்டேன். அப்போதும் புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உங்கள் சுவருக்குக் கண் திறந்துவிடுங்கள். அந்த அம்மாவின் கோழிக்கூண்டை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். என்னை என்ன செய்வது என்பதைப் பிறகு நீங்கள் முடிவு செய்யலாம்.

கிளாரன்ஸ் அந்தோணிதாஸ்


சுங்கை பஞ்சாங்
30-10-56

அந்தோணிதாஸ் கிராணிக்கு,

தந்தி முதலில் வந்தது. புஷ்பவள்ளிக்குப் படிக்கத் தெரியாது. தந்தி என்றால் சாவுதான் என்று அழுதுகொண்டே பஸ் ஏறி வந்துவிட்டாள். யார் செத்தது என்று தெரியாமலே வழியெல்லாம் அழுதிருக்கிறாள். கடுதாசி நாலு நாள் கழித்து வந்தது.

படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலை செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. மூன்றாம் நாள் உளியும் சம்மட்டியும் எடுத்தேன். கட்டி முடிந்த சுவரில் ஓட்டை போடுகிறேன் என்றதும் தவுக்கே ஓடிவந்தார். "லு கிலா கா? புது சுவர் லா!" என்று கத்தினார். ஆமா தவுக்கே, நாலு வருஷமா பைத்தியம்தான், இப்பதான் தெளியுது என்றேன். அவருக்குப் புரியவில்லை. பின்னால் அடைத்திருந்த களிமண்ணை மேலிருந்து தோண்டி எடுத்துவிட்டுச் சரளை கொட்டினேன். என் கூலியில்தான். இரண்டு வரிசையாகப் பதினெட்டுக் கண். இரட்டைக் கல் அகலம் வைத்துத் தொலைத்தேனே, ஒவ்வொரு கண்ணுக்கும் அரை நாள் போயிற்று. கை இன்னும் ஆறவில்லை. எழுத்து கோணல் மாணலாக இருப்பது அதனால்தான்.

21ஆம் தேதி பெருமழை. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்றேன். முதலில் கலங்கல், அப்புறம் தெளிவு. பதினெட்டிலும் வந்தது. அந்த மலாய்க்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, என்ன இது, சுவர் அழுகிறதே என்று கேட்டார். அழட்டும் அம்மா, அழுதால்தான் நிற்கும் என்றேன்.

இனி உங்களுக்கு.

வருஷா வருஷம் கார்த்திகையில் நான் தாயம்மாவுக்குப் படையல் போடுகிறேன். அவள் எனக்குச் சொந்தமில்லை, பந்தமில்லை. ஒரு சேலை, ஒரு படி அரிசிச் சோறு, தேத்தண்ணி. நான் கொன்றேன் என்று நினைத்துப் போட்டேன். அவள் புருஷன் வீரன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று, அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் கூட ஏறுவதில்லை. மண் கனமா தண்ணீர் கனமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கல்லைத் தட்டிப் பார்த்தே கலவை சொல்கிறவன் நான். ஒரு வாசற்படி வைக்கக்கூட மூன்று தடவை அளந்து பார்த்தேன்.

நீங்கள் கடைசியில் சொல்லிவிட்டீர்கள். ஆறு குடும்பம் பிழைத்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் எழுதுவது உங்களுக்குச் சுலபம். நாற்பது வருஷம் எழுதினவர். எனக்கு ஒருவர் மட்டும் படிக்கிற கடுதாசி போதாது. நீங்கள் பெரட்டுக் களத்தில் நின்றுதானே சொன்னீர்கள்? அங்கேயே போய் நின்று சொல்லுங்கள். அன்று கேட்டவர்கள் காதில் விழ வேண்டும். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் சுவருக்கு நான் வர மாட்டேன். ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் அளவு சொல்கிறேன். ஏழடிக்குக் கடைக்கால் இரண்டடி ஆழம், மூன்றரை அடி அகலம், கான்கிரீட். கல்லின் குழிக்குள் கம்பி விட்டுக் கான்கிரீட் இடித்து நிரப்பச் சொல்லுங்கள். சாய்வு மேட்டுப் பக்கம். பத்து நாள் ஈரச் சாக்குப் போர்த்தி நனைக்க வேண்டும். பின்னால் முழ அகலம் சரளை. நாலடிக்கு ஒரு கண். மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் நீங்களே போய்ப் பாருங்கள். தண்ணீர் வராத கண்ணைக் கம்பி விட்டுக் குத்துங்கள். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சன்னாசி


அம்பாங் பெச்சா
21-11-1956

சன்னாசி அவர்களுக்கு,

எழுதும் தகுதி வந்துவிட்டதா என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாடில்டாவிடம் முதலில் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அதே தட்டைக் கழுவினாள். "சின்னப் பிள்ளையில என்னைப் பொய் சொன்னதுக்கு அடிச்சிருக்கீங்கப்பா" என்றாள். பிறகு என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

ஞாயிறு மதியம் ஹெய்டன் போனேன். வாசல் காவலில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு வேட்டியும் ஜெபமாலையும்தான் இருந்தன. கார்த்திகேசு அனுமதி வாங்கி வைத்திருந்தார். அவர் வீட்டில் தங்கினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "வேணாம் கிராணியாரே, இந்த வயசுல எதுக்கு? செத்தவ திரும்பியா வரப் போறா?" என்றார். அந்த நேரத்தில் அவர் பேச்சு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. இரண்டு முறை படுக்கையிலிருந்து எழுந்து பையைக் கட்டினேன்.

திங்கள் காலை பெரட்டு. ஏறக்குறைய நூற்றிருபது பேர். தொரை புதியவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய கிராணி இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம் என்று கார்த்திகேசு சொல்ல, அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஏதோ பிரியாவிடை என்று நினைத்திருப்பார். ஏழாம் லயம் இருந்த இடத்தில் இப்போது லயம் இல்லை. வெறும் மேடு, புல் வளர்ந்திருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது.

எழுதி எடுத்துப்போன காகிதத்தைப் பிரித்தேன். எழுத்துகள் ஓடின. காகிதத்தை மடித்துவிட்டு, ஒரு கண்ணில் அரிசிப் பையைக் கண்டு பயந்து சுவரின் கண்களை அடைத்தது நான்தான், சன்னாசி இல்லை, அவர் வைத்த கலவையில் ஒரு குறையும் இல்லை, தாயம்மாவின் சாவு என்னால் வந்தது, தான் கொன்றதாக நினைத்துச் சன்னாசி அவளுக்கு வருஷா வருஷம் படையல் போடுகிறார் என்று சொன்னேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள், என்ன, என்ன என்றார்கள். வீரன் கடைசி வரிசையில் நின்றார். தலை முழுதும் நரைத்துவிட்டது. பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"சத்தமாச் சொல்லுங்க கிராணி. அன்னிக்கி சத்தமாத்தானே சொன்னீங்க?"

மறுபடி சொன்னேன். முதல் வார்த்தையிலிருந்து, ஒன்றும் விடாமல், உரக்க. என் குரல் மேட்டில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் நின்றிருக்க எளிதாக இருந்திருக்கும். ஒரு பெண் மட்டும், "அந்த அரிசிக்காகவா?" என்று கேட்டாள். மண்டோர்கள் ஆள் பிரித்தார்கள். வரிசை வரிசையாக என்னைத் தாண்டி வேலைக்குப் போனார்கள்.

வீரன் கடைசியாக வந்தார். என் எதிரில் நின்றார். ஆனால் என்னைப் பார்க்காமல் மேட்டைப் பார்த்துப் பேசினார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"சன்னாசிக்கு எழுதுவீங்கல்ல? வர்ற செவ்வாக்கெழம தாயம்மாவுக்குப் படையலு. அவன அங்க தனியா போட வேணாம்னு சொல்லுங்க. இங்க வரச் சொல்லுங்க. பஸ்ஸு விட்டு எறங்குற எடத்துல நானே வந்து நிக்கிறேன்."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை வரச் சொல்லவில்லை. அது சரிதான்.

செவ்வாய் என்றால் 27ஆம் தேதி. சுங்கை பஞ்சாங்கிலிருந்து முதல் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். இந்தக் கடிதம் தாமதித்துவிடக் கூடாதே என்று தந்தியும் அடிக்கிறேன். தந்தியைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று புஷ்பவள்ளி அம்மாவிடம் சொல்லுங்கள். இதை எழுதிய பிறகுதான், கடிதத்துக்கு முன்னால் தந்தி வந்துவிடும் என்பது உறைக்கிறது. ஆகவே தந்தியிலேயே "எல்லோரும் நலம், வீரன் அழைக்கிறார்" என்று போடுகிறேன்.

கி. அந்தோணிதாஸ்